மைக் இல்லாத கச்சேரிகள்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, "உன் வேலை சம்பந்தமா ஏதாவது எழுதுப்பா, மாணவர்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார்கள். பம்ப், வால்வு, பைப்லைன் என்று நான்கு பக்கம் எழுதி, விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களைத் தூங்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. என்னோடு ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு என் இன்னொரு பைத்தியம் தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிகூட மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கிடார் மீட்டிக்கொண்டிருப்பேன். "டேய், அந்தக் கொசுவை அடிடா" என்று கீழேயிருந்து குரல் வரும். அந்தக் கொசுவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குறிப்பாக, பெரிய மேடைகள் கைவிட்ட ஒரு வாத்தியத்தைச் சின்னச் சின்ன சங்கங்கள் எப்படிக் காப்பாற்றின என்கிற சரித்திரம்.

கிடார் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கல்ச்சுரல்ஸ் மேடையும் ஆம்ப்ளிஃபையரும்தான். கிளாசிகல் கிடார் அந்த ஜாதி இல்லை. மூன்று தந்திகள் வெறும் நைலான். மற்ற மூன்று, நைலான் இழைக் கற்றையின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை. இடது காலை ஒரு சின்ன முக்காலி மேல் தூக்கி வைத்து, அந்தத் தொடைமேல் வாத்தியத்தைச் சாய்த்து, வலது கை நகங்களால் மீட்ட வேண்டும். மின்சாரம் கிடையாது, மைக் கிடையாது.

நாம் இன்ஜினியர்கள் ஆயிற்றே, கொஞ்சம் எண்களையும் பார்த்துவிடலாம். தந்தியின் நீளம் சுமார் 650 மில்லிமீட்டர். ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. அதைத் தாங்கி நின்று, அதே சமயம் அதிரவும் வேண்டிய மேல் பலகையின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். வெறும் தந்திகளின் சுருதி 82 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 330 வரை போகிறது. இத்தனை இருந்தும், வயலின் மாதிரி வில் போட்டு சக்தியைத் தொடர்ந்து செலுத்த வழியில்லை. ஒரு தடவை மீட்டினால் மீட்டியதுதான். அந்தக் கணமே ஒலி சாகத் தொடங்கிவிடும். ஆகவே சத்தம் கம்மி. சத்தம் கம்மியாக இருப்பதால் கேட்கிறவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இந்த வாத்தியத்தின் சமூக வரலாறு முழுவதும் இந்த ஒரு பௌதிக உண்மையிலிருந்துதான் கிளம்புகிறது.

ஹாலில் தோற்று, கூடத்தில் பிழைத்தது

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடாருக்கு நல்ல காலம். பார்சிலோனாவில் 1778இல் பிறந்த ஃபெர்னாண்டோ சோர் பாரிஸிலும் லண்டனிலும் பேர் வாங்கினார். இத்தாலிக்காரரான மௌரோ ஜூலியானி 1806 வாக்கில் வியன்னாவுக்குப் போய், ஆர்க்கெஸ்ட்ராவோடு கிடார் வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தார். சோர் 1839இல் பாரிஸில் காலமானார். அதற்குள் பியானோ இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு பெருத்துவிட்டது. கச்சேரி மண்டபங்களும் பெருத்துவிட்டன. நூற்றுக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கி உட்காரும் ஹாலில் கிடார் எடுபடவில்லை.

அந்தச் சமயத்தில் ஸ்பெயினில் ஒரு தச்சர் இந்தப் பிரச்சனையைக் கையில் எடுத்தார். பெயர் அன்டோனியோ டி டோரஸ். அல்மேரியாக்காரர், 1817இல் பிறந்தவர். வாத்தியத்தின் உடலைக் கொஞ்சம் பெரிதாக்கினார். மேல் பலகையை மெல்லிசாக இழைத்து, உள்பக்கம் விசிறி மாதிரி குச்சிகள் ஒட்டினார். ஒலிக்கு முக்கியம் மேல் பலகைதான் என்பது அவர் சித்தாந்தம். அதை நிரூபிக்க 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையால் செய்து, மேல் பலகையை மட்டும் மரத்தில் போட்டு ஒரு கிடார் கட்டினார்! ஒரு மாறியை மட்டும் நிறுத்தி மற்றதைத் தள்ளிப் பார்க்கும் சோதனையை நமக்கு லேபில் சொல்லித் தந்தார்கள். அந்த மனுஷனுக்கு யார் சொல்லித் தந்தார்களோ! அந்த அட்டைக் கிடார் இப்போது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டோரஸ் கிடாரை வாங்கி வாசித்தவர் ஃப்ரான்சிஸ்கோ டாரெகா (1852 - 1909). பெரிய மேடைகளைவிட நண்பர்கள் வீட்டுக் கூடத்தில், பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்க வாசிப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். அந்தக் கூடங்களிலிருந்துதான் மிகேல் யோபெட், எமிலியோ புஹோல் போன்ற சீடர்கள் கிளம்பினார்கள். நம் ஊரில் வித்வான் வீட்டுத் திண்ணையில் சங்கீதம் வளர்ந்ததே, அதே கதைதான்.

சங்கங்கள் பிறந்தன

வாசிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர். சொல்லித்தர ஆள் இல்லை, நோட்டுப் புத்தகங்கள் அச்சில் இல்லை, நல்ல தந்தி கிடைக்காது. இந்த நிலையில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? சங்கம் வைப்பார்கள். ம்யூனிக் நகரில் 1899இல் கிடார்க்காரர்களின் சர்வதேச சங்கம் ஒன்று தொடங்கியது. லாஸ் ஏஞ்சலீஸில் 1923இல் அமெரிக்க கிடார் சொசைட்டி பிறந்தது. லண்டனில் 1929இல் டாக்டர் போரிஸ் பெரோட் என்கிற ரஷ்யக்காரர் முன்னின்று கிடார் வாசிப்போரின் ஃபில்ஹார்மோனிக் சொசைட்டியைத் தொடங்கினார். நம் சென்னை மியூசிக் அகாடமி 1928இல் உருவானது என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு வருஷம்தான் வித்தியாசம். நம் அகாடமிக்குப் பின்னால் ஒரு பெரிய ரசிகர் கூட்டமும் வித்வான்களின் வரிசையும் இருந்தன. லண்டன் சங்கத்துக்குப் பின்னால் இருந்தது ஆசை மட்டும்தான்.

லாஸ் ஏஞ்சலீஸ் சங்கத்தின் நாயகி வாடா ஓல்காட்-பிக்ஃபோர்டு என்கிற அம்மையார். 1885இல் ஒஹையோவில் பிறந்தபோது வைத்த பெயர் எத்தல். ஜோசியத்தில் நம்பிக்கை வந்து, எவாஞ்சலின் ஆடம்ஸ் என்ற பிரபல ஜோசியரின் யோசனைப்படி 'வாடா' என்று மாற்றிக்கொண்டார். நியூமராலஜி பார்த்துப் பேருக்கு ஒரு எழுத்து கூட்டுகிறவர்கள் நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்! அம்மையார் 1980 வரை வாழ்ந்தார். கையில் கிடைத்த பழைய கிடார் இசைத்தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். இன்றைக்கு அந்தச் சேகரிப்பு கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்த்ரிட்ஜ் வளாகத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது. அவர் தொடங்கிய சங்கமும் நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது. பேப்பர் சேர்க்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பதற்கு இந்த அம்மையார் சாட்சி.

தடை போட்ட கல்லூரி, கதவு திறந்த சங்கம்

லண்டன் சங்கத்துக்கு வருவோம். 1940களில் ஹென்றி ப்ரீம் என்கிற ஓவியர் தன் மகனை அங்கே அழைத்து வந்தார். விளம்பரப் படம் வரைவது அப்பாவுக்குத் தொழில். ஜாஸ் கிடார் வாசிப்பது பொழுதுபோக்கு. பையன் பெயர் ஜூலியன், 1933இல் பிறந்தவன். பெரோட் அவனுக்குப் பாடம் சொல்லித் தந்தார். செல்ட்டன்ஹாம் ஊரில் வில்ஃப்ரிட் ஆப்பிள்பி என்ற கிடார் அபிமானி இருந்தார். பிற்பாடு 1951இல் 'கிடார் நியூஸ்' என்ற பத்திரிகை தொடங்கியவர் இவர்தான். 1947 பிப்ரவரியில் செல்ட்டன்ஹாமில், 13 வயதில், ஜூலியன் ப்ரீம் தன் முதல் பொதுக் கச்சேரியைச் செய்தான். அதே வருஷம் ஆந்த்ரே செகோவியா லண்டன் வந்தபோது பையன் அவர் முன்னிலையிலும் வாசித்தான்.

செகோவியா என்றால் யார்? 1893இல் லினாரெஸ் என்ற ஊரில் பிறந்து, 1924இல் பாரிஸிலும் 1928இல் நியூயார்க்கிலும் வாசித்து, கிடாரை மறுபடியும் உலக மேடைக்கு ஏற்றியவர். பெரிய ஹாலிலும் மைக் வைக்க ஒப்புக்கொள்ள மாட்டார். அப்பேர்ப்பட்டவர் முன்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்து வாசிக்க வழி செய்தவை இந்தச் சின்ன வட்டங்கள்தான்.

இனிதான் வேடிக்கை. அந்தப் பையன் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே கிடாருக்குப் பாடமே இல்லை. பியானோவும் இசையமைப்பும் படித்தான். கிடாரைக் கட்டடத்துக்குள் கொண்டு வராதே என்று சொல்லிவிட்டார்கள் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் பிரசித்தமான சம்பவம். ஆனாலும் 1951இல் அவர் விக்மோர் ஹாலில் வாசித்தார். 1901இல் பெஷ்டைன் பியானோ கம்பெனி கட்டிய அந்த ஹாலில் சுமார் 550 பேர்தான் உட்காரலாம். கிடாருக்கென்றே அளவெடுத்த மாதிரி!

பிறகு மால்கம் ஆர்னல்ட் 1959இல் ப்ரீமுக்காக ஒரு கான்சர்ட்டோ எழுதினார். பெஞ்சமின் பிரிட்டன் 1963இல் 'நாக்டர்னல்' எழுதினார். 1970களின் தொடக்கத்தில் வில்லியம் வால்டன் ஐந்து பகடெல்கள் எழுதினார். இன்றைக்கு உலகத்தில் எந்தப் பெரிய கிடார் போட்டிக்குப் போனாலும் இந்த உருப்படிகளில் ஏதாவது ஒன்று காதில் விழாமல் இருக்காது.

இதற்கிடையில் இன்னொரு அப்பா, இன்னொரு மகன். லென் வில்லியம்ஸ் 1952இல் ஆஸ்திரேலியாவிலிருந்து குடும்பத்தோடு லண்டன் வந்து ஸ்பானிஷ் கிடார் சென்டர் என்ற பள்ளியைத் தொடங்கினார். மகன் ஜான் வில்லியம்ஸ், 1941இல் மெல்போர்னில் பிறந்தவர். அதே ராயல் கல்லூரியில் 1956இல் சேர்ந்தார். அப்போதும் கிடார் பிரிவு கிடையாது. அவரும் பியானோதான் படித்தார். 1959இல் படிப்பு முடிந்ததும் கல்லூரி அவரைக் கூப்பிட்டு, "கிடார் பிரிவு தொடங்குகிறோம், நீயே நடத்து" என்றது. வாத்தியத்தை உள்ளே கொண்டு வராதே என்று சொன்ன இடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அந்த வாத்தியத்துக்கே ஒரு துறை. மேலேயிருந்து சுற்றறிக்கை வந்து நடந்த காரியமா இது? சங்கக் கூட்டங்களும் சின்னக் கச்சேரிகளும் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. அவர்கள் டிக்கெட் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். கல்லூரி பின்னால் வந்து சேர்ந்தது.

தந்தி கதையையும் சொல்லிவிடுகிறேன், கெமிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள். 1940கள் வரை கிடாருக்கு மிருகக் குடல் நரம்புதான் தந்தி. ஈரக்காற்றுக்குச் சுருதி மாறும், திடீரென்று அறுந்துபோகும். இரண்டாம் உலகப் போரில் ஆபரேஷன் தையலுக்கு நரம்பு தேவைப்பட்டதால் வாசிக்கிறவர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. அப்போது நியூயார்க்கில் கிடார் கட்டிக்கொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின், டுபான்ட் கம்பெனியின் நைலான் இழையைத் தந்தியாக்கிப் பார்த்தார். செகோவியா ஒப்புக்கொண்டார். போர் முடிந்த சில வருஷங்களில் உலகம் முழுக்க கிடார் நைலானுக்கு மாறிவிட்டது. விலை இறங்கியது, ஆயுள் கூடியது, சாதாரணச் சம்பளக்காரனும் கற்றுக்கொள்ள முடிந்தது. சங்கங்களில் கூட்டம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

நான் பார்த்த ஒரு சாயங்காலம்

2018இல் கம்பெனி வேலையாக ஒன்பது மாதம் லண்டனில் இருந்தேன். புறநகரில் ஒரு சர்ச்சை ஒட்டிய ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை கிடார் கூட்டம் நடக்கிறது என்று தெரிந்து போனேன். முப்பது நாற்காலி, ஒரு மூலையில் டீ கொதிக்கும் பாத்திரம், தட்டில் பிஸ்கட். முதலில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கூட்டு வாசிப்பு. அதில் ஒருவர் ரிட்டயரான பஸ் டிரைவர், ஒருவர் பல் டாக்டர், ஒரு பெண் ஸ்கூல் டீச்சர். பிறகு யார் வேண்டுமானாலும் முன்னால் போய் ஒரு உருப்படி வாசிக்கலாம். பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி டாரெகாவின் சின்ன உருப்படி ஒன்றை எடுத்தாள். நடுவில் விரல் நடுங்கி நின்றுவிட்டாள். ஹாலில் ஒருத்தர் அசையவில்லை, ஒருத்தர் 'ச்சோ' கொட்டவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து முடித்தாள். கைதட்டல் அவளுக்குத்தான் அன்றைக்கு அதிகம். இடைவேளைக்குப் பிறகு வெளியூரிலிருந்து வந்த ஒரு தொழில்முறைக் கலைஞர் முக்கால் மணி நேரம் வாசித்தார். அவருக்கும் அதே நாற்காலி, அதே முக்காலி.

முடிந்ததும் செயலாளர் எழுந்து, அடுத்த வருஷத்துக்குப் பொருளாளராக யாராவது முன்வர வேண்டும் என்று கெஞ்சினார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நம் சங்கத்து வருடாந்திரப் பொதுக்குழுவே ஞாபகம் வந்துவிட்டது!

எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் 1960களிலிருந்து வருகிறாராம். "இங்கே வந்தவர்களில் பெரிய கலைஞர்கள் ஆனவர்கள் உண்டா?" என்று கேட்டேன். "ரொம்பக் கம்மி. ஆனால் கேட்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் ஆனார்கள். அவர்கள் இல்லாமல் பெரிய கலைஞன் யாருக்கு வாசிப்பான்?" என்றார்.

நம் பக்கம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்று ஜூனியர்கள் கேட்கலாம். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் பாடத்திட்டத்தில் கிளாசிகல் கிடார் தேர்வு எழுதித் தேறியவர் நம் இளையராஜா. அவர் பாட்டில் கிடார் வரும் இடங்களை இன்னொரு தடவை கேளுங்கள். பாஸும் மேல் சுருதியும் தனித்தனியாக நடந்துபோவது புரியும். நம் மாதிரி இன்ஜினியரிங் படித்தவரும் உண்டு: சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்த பிரசன்னா, கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசித்து உலகம் சுற்றியவர். ஆக, வாத்தியம் நமக்கு அந்நியம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற கூட்டம்தான் நம்மிடம் குறைவு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லூரியில் இசைமன்றத்துக்கு என்று ஒரு அறை இருந்தது, உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கேன்டீனுக்குப் பின்னால், ஜன்னல் கதவு ஒன்று மூடவே மூடாது. ஆர்மோனியம், தபலா, இரண்டு கிடார். என்னை மாதிரி மேடைக் கூச்சம் உள்ளவன் நாலு பேர் முன்னால் வாசிக்கப் பழகியது அங்கேதான். 2020இல் கொரோனாவுக்காகப் பூட்டிய அந்த அறை இன்னும் திறக்கப்படவில்லை. இப்போது உள்ளே பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் வந்திருந்தபோது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் சொன்னார்: "அண்ணா, எங்க ப்ளாக்ல நாலு பேர் கிடார் வெச்சிருக்கோம். எல்லாரும் வீடியோ பார்த்துத்தான் கத்துக்கறோம். ஆனா ஒருத்தர் வாசிச்சு இன்னொருத்தர் கேட்டதே இல்ல." நல்ல பாடம் இன்றைக்குப் போனிலேயே கிடைக்கிறது, எங்கள் காலத்தில் அதற்குத் தவம் கிடந்தோம். ஆனால் விரல் நடுங்கி நின்றுபோகும்போது பொறுமையாகக் காத்திருக்கும் முப்பது பேரை எந்த போனும் கொண்டுவந்து தராது.

என் வேண்டுகோள் சிறியது. மேடை, ஸ்பீக்கர், போட்டி, கோப்பை எதுவும் வேண்டாம். அந்த அறையைத் திறந்து, மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மாணவர்களும் உள்ளூரில் இருக்கும் பழைய மாணவர்களும் கூடுவோம். கிடார்தான் என்றில்லை, வீணை, புல்லாங்குழல், வாய்ப்பாட்டு, எதுவானாலும் சரி. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க வேண்டும். யார் வந்தார், என்ன வாசித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸ் அம்மையார் செய்த வேலை அதுதான். பெஞ்சுகளை எடுத்து வைக்க எங்கள் பேட்சில் நான்கு பேர் தயார். டீச் செலவு என்னுடையது. நிர்வாகத்திடம் சாவி கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். தனி ஆள் கேட்டால் "பார்க்கலாம் தம்பி" என்பார்கள். ஊர் கூடினால்தானே தேர் நகரும்.

மனு பதிவு மேஜையில் இருக்கிறது, பக்கத்திலேயே பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் வழிதான். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அப்படியே பொருளாளராக யாராவது முன்வந்தால் பெயரையும் எழுதிவிடுங்கள். தரையைப் பார்க்காதீர்கள்!